சிந்து நதியின் டொல்பின்களைப் பிரித்தது யார்?

மூன்றாம் வருடத்தில் எங்களுக்குச் சுற்றுச்சூழல் வரலாறு என்று ஒரு பாடம் இருந்தது. அதில் ஓர் ஒப்படை: எழுத்தில் இல்லாத ஒரு மூலத்தை எடுத்து, அதை வைத்துக் காலனித்துவ காலத்து மாற்றம் ஒன்றை விளக்க வேண்டும். வகுப்பில் பாதிப்பேர் பழைய கட்டடங்களை எடுத்தார்கள், சிலர் நாணயம். நான் டொல்பினை எடுத்தேன். தலைப்பைக் கேட்டதும் விரிவுரையாளர் சிரித்துக்கொண்டே, "இது விஞ்ஞானபீடத்து வேலை எல்லோ?" என்றார். அதற்கு அன்றைக்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான். ஒப்படையில் நான் விட்ட ஒரு பெரிய பிழையையும் இதில் திருத்தியிருக்கிறேன்.

2, 84, 259, 602, 18.

2001 மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாகிஸ்தானில் சிந்து நதி வழியே படகில் போய், ஜில் பிராலிக் என்ற ஆய்வாளரின் குழு எண்ணிய டொல்பின்கள் இவை. மேலிருந்து கீழே வரும் வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். கூட்டினால் 965. ஆனால் கூட்டிப் பார்த்தால் கதை போய்விடும். முதலாவது கால்புள்ளி சஷ்மா கதவணை, இரண்டாவது தௌன்சா, மூன்றாவது குட்டு, நான்காவது சுக்கூர். வரிசைக்கு மேலே, ஆரம்பத்தில் ஜின்னா கதவணை. அதாவது ஜின்னாவுக்கும் சஷ்மாவுக்கும் இடையில் கண்ணில் பட்டவை இரண்டே இரண்டு.

கதவணை என்றால் மலையை மறித்துக் கட்டும் பெரிய அணை மாதிரி நினைக்கக் கூடாது. எங்கட குளங்களில் வான் கதவு பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரிக் கதவுகளை ஓர் ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் வரிசையாக வைத்துக் கட்டினால் கதவணை. சுக்கூரில் இப்படி 66 கதவுகள். 1923 இல் தொடங்கி 1932 இல் திறந்தார்கள். பம்பாய் ஆளுநராக இருந்த லொயிட்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். வேலை ஒன்றுதான்: ஆற்று மட்டத்தை உயர்த்தி, பக்கத்தில் உள்ள வாய்க்கால்களுக்குள் தண்ணீரைத் திருப்புவது. சுக்கூரிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் ஏழு. வெள்ளக் காலத்தில் கதவு திறந்திருக்கும். மழை குறைந்த மாதங்களில் மூடுவார்கள், தண்ணீர் வயலுக்குப் போகும், கீழே ஆறு வற்றும்.

டொல்பின் என்றவுடன் எங்களுக்குக் கடல்தான் ஞாபகம் வரும். இது கடலுக்கே போகாத டொல்பின். நீண்ட ஒடுங்கிய மூக்கு, இரண்டு வரிசை ஊசிப் பல், குண்டூசித் தலையளவு கண். அந்தக் கண்ணில் வில்லை இல்லை, வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும் என்கிறார்கள். இமயமலைச் சேறு கலங்கி ஓடும் ஆற்றில் கண் இருந்தும் பெரிய பிரயோசனம் இல்லை. ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டுத்தான் வழி தேடும், இரை தேடும். 1960களின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு காட்சியகத்துக்குக் கொண்டுபோனபோதுதான், இது ஒருபக்கமாகச் சரிந்து நீந்தும் விலங்கு என்பது விஞ்ஞானிகளுக்குத் தெரியவந்தது. சிந்து மாகாணத்து மக்கள் இதைக் கூப்பிடும் பெயரைத் தமிழில் எழுதினால் 'புலன்' என்று வரும். அவர்கள் மொழியில் இந்த அர்த்தம் இல்லை. ஆனாலும் கண் தெரியாத ஒரு விலங்குக்கு அந்தப் பெயர் பொருந்துவதை எண்ணி நான் கொஞ்ச நேரம் எழுதாமல் இருந்தேன்.

கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் இதன் உறவு ஒன்று உண்டு. சிந்து டொல்பினும் கங்கை டொல்பினும் ஒரே இனமா, இரண்டா? இந்தக் கேள்விக்குத்தான் இருநூறு வருட வரலாறு இருக்கிறது. அதன் தொடக்கம் எங்கட கரைக்குக் கிட்ட வந்து போவதை நான் எதிர்பார்க்கவில்லை.

கங்கை டொல்பினை அசோகரின் தூண் சாசனம் கொல்லக் கூடாத உயிர்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். பாபர் தன் நினைவுக் குறிப்புகளில் 'நீர்ப்பன்றி' என்று எழுதியிருக்கிறார். இலத்தீன் பெயர் வைத்து விஞ்ஞானத்துக்குள் கொண்டுவந்தது 1801 இல். கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர் வில்லியம் றொக்ஸ்பேர்க்கைத்தான் நீண்ட காலம் இதற்கு உரியவர் என்று எழுதிவந்தார்கள். ஆனால் அதே வருடம் பேர்லினில் ஒரு ஜேர்மன் சஞ்சிகையிலும் இந்த விலங்கைப் பற்றிய விபரிப்பு வந்திருந்தது. எழுதியவர் தரங்கம்பாடியில் இருந்த ஹைன்றிக் யூலியஸ் லெபெக். யார் இந்த லெபெக் என்று தேடினால், 1797 இல் மன்னார் வளைகுடாவில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய அதே லெபெக். மன்னார் முத்துக்குளிப்பு பற்றிப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். 2000 ஆம் ஆண்டளவில்தான் அவருடைய பெயருக்கே முன்னுரிமை என்று எடுத்துக்காட்டினார்கள். இப்போது கங்கை டொல்பினின் பெயருக்குப் பின்னால் லெபெக், 1801 என்று போடுகிறார்கள்.

சிந்து டொல்பினின் பெயர் இந்தளவு நேராக வரவில்லை. 1853 இல் றிச்சர்ட் ஓவன் லண்டனில் எலும்புகளைப் பட்டியலிடும்போது, சிந்து நதியிலிருந்து வந்தவை சிறியவையாக இருப்பதைப் பார்த்து 'மைனர்' என்று ஒரு வகையாகக் குறித்துவிட்டுப் போனார். பிறகு 1971 இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரத்து ஆய்வாளர் ஜோர்ஜியோ பில்லெரி, மண்டையோட்டு வேறுபாட்டை வைத்து இரண்டும் தனித்தனி இனம் என்றார். அவர் கையில் இருந்த மண்டையோடுகள் குறைவு என்பதால் எல்லோரும் ஏற்கவில்லை. 1990களின் முடிவில் மறுபடி ஒரே இனத்தின் இரண்டு உபஇனங்கள். 2021 இல் பிராலிக்கும் கூட்டாளிகளும் பல நாட்டு நூதனசாலைகளில் கிடந்த மண்டையோடுகளை அளந்து, பழைய எலும்பிலும் பல்லிலும் இருந்து எடுத்த டி.என்.ஏ முடிவுகளையும் சேர்த்து, இரண்டு இனம்தான் என்று நிறுவினார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை 19 ஆம் நூற்றாண்டில் பெட்டியில் போட்டு அனுப்பிய எலும்பு, அதை எடுத்துப்போன நோக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறது. ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிய அனுபவம்தான்.

இந்த டி.என்.ஏ விஷயம் எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விஞ்ஞானபீடத்தில் படிக்கும் என்ர ஊர்த் தோழியிடம் போய் நின்றேன். அவள் கன்ரீனில் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"உன்ர குடி ஆர்ட குடி?"

"அம்மாட குடி."

"உன்ர அண்ணன்ட பிள்ளையளுக்கு?"

"அண்ணிட குடி."

"அவ்வளவுதான். இழைமணி டி.என்.ஏயும் அப்பிடித்தான். தாய்தான் குடுக்கும். ஆம்பிளைப் பிள்ளைக்கும் வரும், ஆனா அவனோட நிண்டுரும்."

மட்டக்களப்பார் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைவிட விளக்கம் வேண்டாம். நாங்கள் வயிற்றுவார் என்று சொல்வது, கலத்துக்குள் இழைமணியில் எழுதியிருக்கிறது. ஒரு ஊரில் பத்துக் குடி இருந்து, அந்த ஊர் சின்னதாகி, ஒரு தலைமுறையில் ஒரு குடிப் பெண்களுக்குப் பெண்பிள்ளையே பிறக்காவிட்டால், அந்தக் குடி அங்கே முடிந்தது. ஆட்கள் இருப்பார்கள், குடி இராது. பெரிய ஊரில் இப்படி நடப்பது அரிது. சின்ன ஊரில் அடிக்கடி நடக்கும். பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்தில் ஓரிடத்து விலங்குகளின் கூட்டத்தைக் 'குடித்தொகை' என்றே படித்தோம். அந்தச் சொல்லுக்குள் குடி இருப்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சிந்து டொல்பின்களிலும் கங்கை டொல்பின்களிலும் இந்த 'குடி'களை ஒப்பிட்டபோது, இரண்டு ஆற்றுக்கும் பொதுவாக ஒன்றுகூட இல்லை. எவ்வளவு காலத்துக்கு முந்திப் பிரிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 5,50,000 வருடம் வருகிறது. பஞ்சாப் சமவெளியில் இரண்டு ஆற்றுத் தொகுதிகளுக்கும் நடுவில் உள்ள மேடு மிகவும் தாழ்வு. ஆறுகள் அங்கே காலத்துக்குக் காலம் பக்கம் மாறிப் பாய்ந்திருக்கின்றன. அப்படி ஓர் ஆறு கிழக்கிலிருந்து மேற்குப் பக்கம் திரும்பியபோது, அதில் இருந்த சில டொல்பின்களும் கூடவே போயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பெட்டி படுக்கையோடு இல்லை, ஆற்றோடு இடம்பெயர்ந்தவை.

இன்னொன்றும் தெரிந்தது. சிந்து டொல்பின்களிடம் இந்த வேறுபாடு மிக மிகக் குறைவு. இங்கேதான் நான் பிழை விட்டேன். ஒப்படையில், 'பிரித்தானியரின் கதவணைகள் சிந்து டொல்பின்களின் பரம்பரையலகுப் பல்வகைமையை அழித்துவிட்டன' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வாசிக்க நல்ல வசனம். தோழி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு டொல்பின் தலைமுறைக்குச் சுமார் 20 வருடம் என்று வைத்தாலும், சுக்கூர் கட்டி இன்றைக்கு வரைக்கும் நாலைந்து தலைமுறைதான். அந்தக் குறுகிய காலத்தில் முழு ஆற்றிலும் இவ்வளவு வேறுபாடு போயிருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்ல முடியாது. முதலில் வந்து சேர்ந்தவையே கொஞ்சமாக இருந்திருக்கலாம். காலனித்துவத்தின் மேல் போடுவதற்கு எங்களுக்குக் குற்றம் நிறைய இருக்கிறது. 5 லட்சம் வருடப் பழங்கதையையும் சேர்த்துப் போட வேண்டிய தேவை இல்லை.

அப்படியானால் கதவணைகள் செய்தது என்ன? ஏற்கனவே வேறுபாடு குறைந்த ஒரு சிறிய கூட்டத்தை எடுத்து, அதைத் துண்டு துண்டாக வெட்டியது. இதற்குச் சாட்சி டி.என்.ஏ இல்லை, எண்ணிக்கை. அந்த ஐந்து எண்கள்.

வெட்டுவதற்கு முன் எப்படி இருந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. கல்கத்தா இந்திய நூதனசாலையின் பொறுப்பாளர் ஜோன் அண்டர்சன் 1870களின் கடைசியில் வெளியிட்ட பெரிய நூலில் இந்த டொல்பின்கள் எங்கெங்கே இருந்தன என்று எழுதியிருக்கிறார். சிந்து நதியின் கழிமுகத்திலிருந்து மலையடிவாரம் வரைக்கும், பிறகு ஜீலம், செனாப், ராவி, சட்லஜ், பியாஸ் என்று ஐந்து கிளையாறுகளிலும். ஏறக்குறைய 3,400 கிலோமீற்றர் ஆறு. ஒரே தண்ணீர், ஒரே குடித்தொகை. அட்டொக் பக்கத்தில் பிறந்த ஒன்று கடலுக்குக் கிட்ட வந்து சோடி சேரத் தடை எதுவும் இல்லை.

அந்த நூல் வந்த காலத்திலேயே தடை தொடங்கியாயிற்று. 1880களிலிருந்து பஞ்சாபில் வாய்க்கால் குடியேற்றங்கள். தரிசு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோய், ஆட்களைக் குடியேற்றி, கோதுமையும் பருத்தியும் விளைவித்து, வரி எடுத்து, விசுவாசமான குடும்பங்களுக்கும் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கும் காணி கொடுத்த திட்டம். இதைப் பற்றி எங்கட புத்தகங்களில் நிறைய உண்டு: ஏக்கர் கணக்கு, ரூபாய்க் கணக்கு, சாதிக் கணக்கு. 1892 அளவில் செனாப் ஆற்றில் கங்கி, 1901 இல் ஜீலத்தில் ரசூல், 1920களில் சட்லஜில் வரிசையாகச் சில, 1932 சுக்கூர், 1939 திரிம்மு, 1946 ஜின்னா. பிரித்தானியர் போன பிறகும் நிற்கவில்லை. 1955 இல் கொட்றி, 50களின் முடிவில் தௌன்சா, 1962 குட்டு, 1971 சஷ்மா. சுதந்திரத்துக்குப் பிந்திய பொறியியலாளர்களும் அதே வரைபடத்தைத்தான் விரித்தார்கள். ஆகவே 'காலனித்துவம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு எழும்ப ஏலாது.

2014 இல் வந்த ஓர் ஆய்வின்படி அந்தப் பழைய பரப்பு 17 துண்டாகியிருக்கிறது. அதில் 10 துண்டுகளில் டொல்பின் முற்றாக இல்லை. 6 இல் இருக்கிறது. ஒன்றின் நிலை உறுதியில்லை. துண்டானவுடனே சாகவில்லை என்பதுதான் இதில் கொடுமையான பகுதி. கதவணை கட்டிப் பல வருடங்களுக்குப் பிறகும் மேலே நாலு, கீழே ஆறு என்று தெரியும். மீனவர்கள் காண்பார்கள். இருக்கிறதுதானே என்று எல்லோரும் நினைப்பார்கள். பிறகு ஒரு வருடம் காணாது.

ஏன் அழிந்தது என்பதில் ஒரு வாதம் உண்டு. மீனவர்கள்தான் கொன்றார்கள் என்று பழைய எழுத்துக்களில் அடிக்கடி வரும். சிந்து நதியில் படகிலேயே வாழ்ந்த மொஹானா மக்கள் இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் டொல்பினைப் பிடித்தது உண்மை. பில்லெரி அதை விபரமாக எழுதியிருக்கிறார். 1972 இல் சிந்து மாகாணம் சட்டம் போட்டுத் தடுத்தது, 1974 இல் குட்டுவுக்கும் சுக்கூருக்கும் நடுவில் உள்ள ஆற்றைக் காப்பகமாக அறிவித்தது. அதற்குப் பிறகு அந்தத் துண்டில் எண்ணிக்கை கூடியது. 602 என்ற எண்ணுக்கு அந்தத் தடைக்கும் பங்கு உண்டு. ஆனால் 17 துண்டையும் ஒப்பிட்ட ஆய்வில், எங்கே தப்பியது எங்கே அழிந்தது என்பதை அதிகம் தீர்மானித்தது வறண்ட காலத்தில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்பதே. தண்ணீர் இல்லாத ஆற்றில் மீனவன் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன? கையில் வலையோடு நிற்கிறவன் கண்ணுக்குத் தெரிவான். மேலே கதவை மூடுகிற கட்டளை ஒரு கோப்புக்குள் இருக்கும். குற்றம் யார் தலையில் விழும் என்பதை எங்கட களப்புக் கரைகளிலும் பார்த்திருக்கிறோம்.

1947 இல் தேசப் பிரிவினை. சில கதவணைகள் இந்தியாவுக்கு, அவற்றின் வாய்க்கால்கள் பாகிஸ்தானுக்கு. 1948 ஏப்ரல் 1 அன்று கிழக்குப் பஞ்சாப் வாய்க்கால் தண்ணீரை நிறுத்தியது. அந்தப் பயத்திலிருந்துதான் 1960 இன் சிந்து நதி ஒப்பந்தம் பிறந்தது. ராவி, பியாஸ், சட்லஜ் மூன்றும் இந்தியாவுக்கு, சிந்து, ஜீலம், செனாப் மூன்றும் பாகிஸ்தானுக்கு. ஆறுகளையே பங்கு போட்ட பிறகு, கிழக்கு ஆறுகளில் டொல்பின் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. சிந்து டொல்பின் பாகிஸ்தானுக்கு மட்டும் உரிய விலங்கு என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள். 2007 இல் இந்தியப் பக்கத்துப் பியாஸ் ஆற்றில், ஹரிகே கதவணைக்கு மேலே, ஒரு சிறு கூட்டம் உயிரோடு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. பியாஸில் வறண்ட காலத்திலும் தண்ணீர் ஓடும். 2019 இல் பஞ்சாப் அரசு அதைத் தன் நீர்விலங்காக அறிவித்தது. அறிவித்த நேரத்தில் அங்கே இருந்தவை கைவிரலால் எண்ணக்கூடிய அளவுதான். 2025 ஏப்ரலில் இந்தியா அந்த ஒப்பந்தத்தை இடைநிறுத்தியபோது தொலைக்காட்சிகளில் இரவு பகலாகத் தண்ணீரைப் பற்றிக் கதைத்தார்கள். நான் பார்த்தவரையில் இவற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

2021 இல் தனி இனம் என்று முடிவானதில் எனக்கு இரண்டு மனம். பெயர் கிடைத்தால் பாதுகாப்புக்கும் பணத்துக்கும் தனியாகக் கேட்கலாம், அது நல்லது. கங்கையில் நிறைய இருக்குத்தானே என்று இனி யாரும் தட்டிக்கழிக்க முடியாது. மறுபக்கம், 5,50,000 வருடத்துக்கு முந்தி இயற்கை போட்ட கோட்டுக்கு ஒரு இலத்தீன் பெயர் கிடைத்திருக்கிறது. 1932 இலும் 1962 இலும் திணைக்களங்கள் போட்ட கோட்டுக்குப் பெயர் இல்லை. சஷ்மாவுக்கு மேலே இருந்த அந்த இரண்டும், தௌன்சாவுக்கு மேலே இருந்த 84 உம் ஒரே இனம், ஒரே உபஇனம், அநேகமாக ஒரே குடி. வகைப்பாட்டியலின் கண்ணில் அவற்றுக்கிடையே எந்த வித்தியாசமும் கிடையாது. நடுவில் கதவு இருக்கிறது, அவ்வளவுதான்.

கதவு திறந்திருக்கும் காலத்தில் சில டொல்பின்கள் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். எதிர்த்து மேலே ஏறுவது கஷ்டம். சுக்கூருக்குக் கீழே இருந்த 18 அப்படி இறங்கியவையாக இருக்கலாம். இன்னும் சில வாய்க்காலுக்குள் போய்விடும். உள்ளே மீன் இருக்கும், தண்ணீர் இருக்கும், பிரச்சினை தெரியாது. ஒவ்வொரு ஜனவரியிலும் திருத்த வேலைக்காக வாய்க்கால்களை மூடுவார்கள். தண்ணீர் இறங்க இறங்க, குட்டை குட்டையாகத் தேங்கிய இடங்களில் டொல்பின் அகப்பட்டுக் கிடக்கும். 1992 இலிருந்து வனவிலங்குத் திணைக்களத்து ஆட்களும் தொண்டு நிறுவனத்தாரும் அவற்றைத் தேடிப் போகிறார்கள். ஊர் மீனவர்கள்தான் இடம் காட்டுகிறார்கள், வலை பிடிக்கிறார்கள். முந்தி அதைக் கொன்றதாகப் புத்தகத்தில் எழுதப்பட்ட அதே மக்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுக்குள் இருக்கக்கூடும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நாலைந்து பேராகத் தூக்கி, ஈரத்துணி போர்த்தி, வாகனத்தில் ஏற்றி, தெருவால் கொண்டுபோய்ப் பெரிய ஆற்றில் விடுவார்கள்.

2017 இல் எண்ணியபோது பாகிஸ்தானில் 1,800 அளவில் இருந்தன. கூடியிருக்கிறது. எந்தெந்தக் கதவுகளுக்கு நடுவில் கூடியிருக்கிறது என்று கேட்டால், அநேகமாகக் குட்டுவுக்கும் சுக்கூருக்கும் நடுவில்.